மசாலாவுக்கு முன்னாடி கத்தி

செட்டிநாட்டுச் சமையல்னாலே கல்பாசி, மராட்டி மொக்குன்னு மசாலாப் பேச்சுதான். கறி வெட்டுறவரைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. எனக்கு இதுல ரொம்ப நாளா மனத்தாங்கல்.

காரைக்குடிப் பக்கம் தொழில் தெரிஞ்ச கறிக்கடைக்காரர், எத்தனை கிலோன்னு கேக்குறதுக்கு முன்னாடி "என்ன ஆச்சி, குழம்பா, உப்புக்கறியா, கோலாவா?"ன்னுதான் கேப்பார். குழம்புன்னா நெஞ்செலும்பு, சப்பை, கூட ஒரு நல்லி. உப்புக்கறின்னா சின்னத் துண்டு, கொஞ்சம் கொழுப்போட. கோலாவுக்குத்தான், அதாவது எண்ணெயில பொரிக்கிற கொத்துக்கறி உருண்டைக்குத்தான், வேலையே இருக்கு. தொடைக்கறியில ஜவ்வுக்கு அடியில கத்தி நுனியை விட்டு, இடது கையால ஜவ்வை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கத்தியைச் சாய்ச்சு ஓட்டுவார். ஜவ்வு தனியா உரிஞ்சு வரும், அதுல ஒரு பொட்டுக் கறி ஒட்டியிருக்காது. அதுக்கப்புறம்தான் கட்டையில போட்டுக் கொத்துறது. கொழுப்பும் ஜவ்வும் தங்கிட்டா உருண்டை எண்ணெயில பிரிஞ்சிடும். நாம உருண்டை பிடிக்கச் சேர்த்த பொட்டுக்கடலையைத் திட்டிக்கிட்டு நிப்போம்.

"எலும்பு போடாதீங்க பாய்"னு மல்லுக்கட்டித் தனிக்கறியா வாங்கிட்டுப் போறவங்கதான், குழம்பு சப்புன்னு இருக்குன்னும் சொல்றாங்க. கோலாவுக்கு ஆகாத அதே ஜவ்வும் மூட்டும் குழம்புல மெதுவா வெந்து கரைஞ்சாத்தானே அந்தப் பிசுபிசுப்பு வரும்?

கறி வெட்டுற புளியங்கட்டையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறதும் இப்போ ஒரு நாகரிகமாயிருச்சு. 2011-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளே கெட்டியான மரக்கட்டைக்கு இடம் கொடுக்குது. தினம் சுரண்டிக் கழுவுறாங்களா, ஈ மொய்க்குதான்னு பாருங்க. அதைக் கேக்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கு, கேக்கணும்.

இன்னொண்ணு, பலபேர் செய்யுறது. விடியக்காலையில அறுத்த கறியை வாங்கின கையோட ஃப்ரீசர்ல திணிச்சுட்டு, அடுத்த வாரம் "கிழட்டு ஆட்டைத் தலையில கட்டிட்டான்"னு கடைக்காரரைத் திட்டுறது. அறுத்த சில மணி நேரத்துல தசை தானா விறைக்கும், அப்புறம்தான் இளகும். விறைக்கிறதுக்கு முன்னாடியே உறைய வச்சா, வெளிய எடுத்து இளகும்போது தசை சுருங்கி இறுகிடும். எந்த இளங்குட்டியும் அப்போ ரப்பர்தான். உடனே சமைங்க. இல்லேன்னா ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு நாள் வச்சுட்டு அப்புறம் ஃப்ரீசருக்கு மாத்துங்க.

ஞாயித்துக்கிழமை காலை கூட்டத்துல நின்னுக்கிட்டு கோலாக்கறி கேட்டா, மெஷின்ல அரைச்சுத்தான் தருவாங்க. கடைக்காரரைச் சொல்லிக் குத்தமில்லை, பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க. சனிக்கிழமையே சொல்லி வைங்க. வெட்டுக்கூலின்னு அஞ்சோ பத்தோ கூடக் கேட்டா மூஞ்சியைக் காட்டாமக் கொடுங்க.