பேய் வந்ததா, வரவில்லையா: தொண்ணூறுகளின் திகிலைப் பற்றிச் சில வார்த்தைகள்

தமிழில் வந்த திகில் படைப்புகளில் உண்மையாகவே பயமுறுத்தியது எது என்று யாராவது கேட்டால், 2010க்குப் பிறகு வரிசைகட்டி வந்த பேய்ப்படங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தொண்ணூறுகளில் சன் டிவியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ தொடரைத்தான் முதலில் சொல்வேன். 2024 நவம்பரில் அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமான செய்தி வந்தபோது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களிலும் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலர் அவருடைய நாவல்களைவிட அந்தத் தொடரைத்தான் நினைவுகூர்ந்தார்கள். இதைச் சின்ன வயது நினைவின் மயக்கம் என்று சிலர் தள்ளிவிடக்கூடும். யூடியூபில் இன்றும் கிடைக்கும் அந்த அத்தியாயங்களை அண்மையில் மறுபடி பார்த்தேன். தயாரிப்பின் சிக்கனம் தெரிகிறது, சில நடிகர்கள் மேடை நாடகக் குரலில் பேசுகிறார்கள், ஒரே வீட்டு முற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் பயம் குறையவில்லை. பேய் உண்டா இல்லையா என்ற கேள்வியைக் கடைசிவரை மூடாமல் வைத்திருந்தது அந்தத் தொடர் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பின்னால் வந்த படங்கள் அந்தக் கேள்வியை முதல் அரைமணி நேரத்திலேயே தீர்த்துவிட்டு, வந்திருக்கும் பேய்க்கு என்ன குறை என்று விசாரிக்க உட்கார்ந்துவிடுகின்றன.

அன்று எங்களுக்குக் கிடைத்த பேய்கள் ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாங்காங்கில் 1985இல் வெளிவந்த ‘மிஸ்டர் வாம்பயர்’ படமும் அதைப் பின்பற்றி வந்தவையும் வாடகை வீடியோக்களாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றின. கைகளை நீட்டிக் குதித்துக் குதித்து வரும் அந்தப் பிணத்தின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதற்கு நம்மைத் தெரியாது, நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் அசையாமல் நின்றுவிடும் என்பவை, சீனத்தில் ஒரு சொல்லும் அறியாத எங்களுக்கு மனப்பாடம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் மூச்சை அடக்கி நிற்கும் விளையாட்டாகவே அது மாறியது. இந்தோனேசியாவின் சுசானா நடித்த 1981ஆம் ஆண்டு ‘சுண்டல் போலோங்’ படத்தில் முதுகில் ஓட்டையுள்ள பெண்பேய் கடைக்காரரிடம் 200 குச்சி சாத்தே கேட்கும் காட்சியைச் சொல்லிச் சொல்லியே சிரித்தவர்கள்கூட இருட்டிய பிறகு அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். மலேசியாவிலோ தொண்ணூறுகளில் மலாய்ப் பேய்ப்படம் அநேகமாக வெளிவரவே இல்லை. 1957இல் மலாய்ப் பெண்பேயின் பெயரையே தலைப்பாக்கிய ‘பொந்தியானாக்’ படத்தை எடுத்து மலாய்த் திகில் சினிமாவுக்கு அடித்தளம் போட்டவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அப்படித் தொடங்கிய மரபு பிறகு நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. 2004இல் சுஹைமி பாபா இயக்கி மாயா கரின் நடித்த படத்தின் வழியாகத்தான் பொந்தியானாக் மறுபடியும் திரையரங்குக்கு வந்தாள்.

தமிழ்ப் படங்களில் 1991 ஒரு விசித்திரமான ஆண்டு. ‘உருவம்’, ‘ஜென்ம நட்சத்திரம்’, ‘வா அருகில் வா’ மூன்றும் அந்த ஓராண்டுக்குள் வந்தவை. ‘ஜென்ம நட்சத்திரம்’ ஹாலிவுட்டின் ‘தி ஓமன்’ படத்தைத் தழுவியது. கச்சிதமாக எடுத்திருந்தார்கள் என்றாலும் அது எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. சாத்தானின் பிள்ளை பிறந்திருக்கிறான் என்பது, சாத்தானோடு எந்தக் கணக்கு வழக்கும் வைத்துக்கொள்ளாத குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்யும் விஷயமா என்ன? பொம்மைக்குள் ஆவி புகும் ‘வா அருகில் வா’ அடுத்த தலைமுறை பார்த்துச் சிரிக்கும் படமாகிவிட்டது. ‘உருவம்’ மட்டும் வேறு சாதி. ஜி. எம். குமார் இயக்கிய அந்தப் படத்தில், ஒலிவாங்கியைப் பிடித்துக் காதல் பாட்டுப் பாடியே பேரெடுத்த மோகனை முகம் சிதைந்த கோலத்தில் பார்த்த அதிர்ச்சி இன்னும் பலருக்கு ஆறவில்லை. செய்வினைக்கு ஆளான ஒரு குடும்பம் சிதைவதை அந்தப் படம் எந்தச் சமாதானமும் சொல்லாமல் காட்டியது. சொந்தக்காரனே வைத்துவிட்டான் என்ற சந்தேகம் தோட்டத்து வீடுகளில் எப்போதும் புழங்குவதுதான். ஒருவருக்குக் காய்ச்சல் நீண்டால் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டவர் யார் என்ற பேச்சு வந்துவிடும். ‘உருவம்’ அந்த இடத்தில் கைவைத்தது.

இனி ‘மர்மதேசம்’. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. அதன் முதல் இரண்டு கதைகளான ‘ரகசிய’த்தையும் ‘விடாது கருப்பு’வையும் இயக்கியவர் நாகா. மலேசியச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ 1996இல் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தாலும் தோட்டப்புறத்துக் கூரைகளில் அந்தத் தட்டு உடனே முளைத்துவிடவில்லை. பட்டணத்து வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டுகளில்தான் எங்களுக்கு அந்தத் தொடர் கிடைத்தது. சென்னையில் யாரோ பதிவு செய்து அனுப்பியதாகையால் இடையிடையே அங்குள்ள நகைக்கடை, புடவைக்கடை விளம்பரங்களும் ஓடும். அடுத்த கேசட் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. வந்தாலும் நமக்கு முன்னால் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும், அவர்கள் கதையைச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலை வேறு. அந்தக் காத்திருப்பில் தோட்டத்து வேலையிடமான தீம்பாரிலும் பள்ளிக்கூடத்திலும் கொலைகாரன் யார் என்ற வாதம் நடக்கும். அந்த வாதத்தில் சாமி உண்டு என்ற கட்சியும் இல்லை என்ற கட்சியும் இருந்தன. இரண்டு கட்சிக்கும் சம அளவில் ஆதாரம் கொடுத்துக்கொண்டே போனதுதான் எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனம். ‘ரகசிய’த்தில் சித்தர், நவபாஷாண லிங்கம், மருத்துவம், பேராசை எல்லாம் ஒரே கோயிலுக்குள் பின்னிக் கிடக்கும். ‘விடாது கருப்பு’வில் ஊரில் தப்பு செய்தவனைக் குதிரையேறி வந்து கருப்பு தண்டிக்கிறது என்ற நம்பிக்கை ஒரு பக்கம் நிற்க, கொலைகளுக்கு மனித முகம் தேடும் படித்தவர்களின் மனம் மறுபக்கம் நிற்கும். கடைசியில் பிளவுபட்ட ஆளுமை என்ற மனநோயின் விளக்கம் வருகிறது. அப்படி விளக்கிய பிறகும், நம்பியவர்கள் முட்டாள்கள் என்று தொடர் எங்கேயும் சொல்லவில்லை.

இதை எங்கள் பக்கத்தவர்கள் தமிழ்நாட்டு நகரத்துப் பார்வையாளரைவிட வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் எண்ணம். மலேசியத் தோட்டங்களில் எல்லைக்கு எல்லை முனியாண்டி கோயிலோ முனீஸ்வரன் பீடமோ இருந்தது. விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் தனியாக நடக்க வேண்டியவர்களுக்கு, அந்த இருட்டைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டார். அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துக் கோழி அறுத்தார்கள். ‘விடாது கருப்பு’வைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போக நாங்கள் நடுங்கியபோது பாட்டி ஒருவர் சொன்னார்: “அது பேயில்லய்யா, காவக்காரன். காவக்காரனுக்கு நீ ஏன் பயப்படுற, எதையாச்சும் திருடினியா?” அந்தத் தொடருக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. செத்தவர் திரும்பி வருவார் என்ற பயமா அங்கே இயங்குவது? செய்தது தெரிந்துவிடும் என்ற பயமல்லவா? பின்னாளில் வந்த படங்களில் பேயும் காவல் தெய்வமும் உச்சக்கட்டத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு பயில்வான்களாகிவிட்டதால், இந்த வேறுபாடே காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு, அது அன்று எனக்குப் புலப்படவில்லை. தோட்டத்துத் திருவிழாவில் உடம்பு ஆடினால், அது ஆணாக இருந்தால் பெரும்பாலும் சாமி வந்திருக்கிறது என்பார்கள், காலில் விழுவார்கள், குறி கேட்பார்கள். அதே ஆட்டம் ஒரு வயசுப் பெண்ணுக்கோ புதுமருமகளுக்கோ வீட்டில் வந்தால் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையால் அடிப்பார்கள். தமிழ்த் திரையும் ஏறக்குறைய இதே பழக்கத்தைக் கைக்கொண்டது. 1985இன் ‘பிள்ளை நிலா’வில் சிறுமியின் உடம்பில் ஆவி புகுந்ததிலிருந்து, பேய் பிடிப்பதற்குப் பெண்ணுடம்பையே தேடிப் போனார்கள். ‘விடாது கருப்பு’ அந்த வழக்கத்தை மீறி ஓர் ஆணின் மனத்தைக் கிழித்துப் பார்த்தது. அடக்கி வளர்க்கப்பட்ட ஒரு பையனுக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டது. சாமி இறங்கிய ஆணைப் பார்த்துக் கும்பிட்டுப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சங்கடமான கேள்விதான். அந்த வகையில், திகில் தொடர் என்ற பெயரில் வீட்டுக்குள் வந்த மிகத் துணிச்சலான எழுத்து அது என்று இன்று தோன்றுகிறது. சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்த காட்சிகளில் பேயே வராத இடங்கள்தான் அதிகம் தொந்தரவு செய்கின்றன.

மனநோயா, ஆவியா என்ற இதே ஊசலாட்டத்தை ஃபாசில் 1993இல் மலையாளத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ வழியாகச் செய்து காட்டினார். அந்தக் கதை கன்னடம் வழியாக 2005இல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது, மனநல மருத்துவர் பெரிய நாயகனாகிவிட்டார். படம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஈப்போ திரையரங்கில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ரஜினிகாந்த் இருக்கும் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாது என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறதே! பயத்துக்கு அங்கே வேலையில்லை. அதற்குப் பிறகு 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2014இல் ‘அரண்மனை’ என்று பாதை தெளிவாகிவிட்டது. பெரிய பங்களா, அதில் கூச்சலிட்டு ஓடும் நகைச்சுவைக் கூட்டம், இடைவேளைக்குப் பின் ஒரு கண்ணீர்க் கதை, பழிவாங்கல். நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘காஞ்சனா’வில் சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடத்துக்குக் கிடைத்த மரியாதையைத் தொண்ணூறுகளின் எந்தப் படைப்பும் கொடுத்ததில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் கேலிக்குத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே பேய்க்கு நியாயம் கேட்கும் படங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றில் திகில் இல்லை என்பதே என் குறை. வழக்கு முழுவதும் தெரிந்துவிட்ட பேயைக் கண்டு யார் பயப்படுவார்கள்? நாம் அதன் கட்சியில் அல்லவா சேர்ந்துவிடுகிறோம்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2009ஐ நான் மிகவும் மதிக்கிறேன். அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரை வைத்தே பயமுறுத்தியது, மழை ஓயாத எங்கள் ஊருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தது. அதே ஆண்டில் வந்த விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ இன்னும் ஒரு படி மேல். மாதவன் குடும்பம் குடிபோகும் புதுவீட்டில் பெண்கள் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அவர்கள் வீட்டுக் கதையே நடக்கிறது. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் அந்தச் சாதாரண அடுக்குமாடி வீடு எந்த அரண்மனையையும்விடக் கலவரப்படுத்துகிறது. மாலை நேரத்தில் நெடுந்தொடருக்காக அடுப்பை அணைத்துவிட்டு உட்காரும் பழக்கம் சென்னையில் இருப்பது போலவே இங்கும் வேரூன்றிவிட்ட காலம் அது. எந்தப் பெட்டியின் முன்னால் நாம் பத்திரமாக இருப்பதாக நினைத்தோமோ அதிலிருந்தே பேய் வந்தது. ‘மர்மதேச’த்தின் உண்மையான வாரிசு என்று ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

எனக்கு நீண்ட நாளாக உள்ள ஆதங்கம் வேறு. இத்தனை பேய்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்த எங்கள் மண்ணில் சொல்லப்படாத கதைகள் கிடக்கின்றன. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கக் கட்டிய சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்களில் திரும்பாதவர்களுக்குக் காரியம்கூடச் செய்ய முடியாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கில அரசு அறிவித்து 1960 வரை நீடித்த அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் இரவில் யார் கதவைத் தட்டினார்கள், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதை என் தாத்தா தலைமுறையினர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு நகர்ந்த பிறகும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே முனியாண்டி மட்டும் தனியாக நிற்கும் இடங்கள் உண்டு. காவல்காரன் இருக்கிறான், காக்க வேண்டிய ஊர் இல்லை. இதைவிடக் கலங்கடிக்கும் கதைக்களம் எந்த அரண்மனையில் கிடைக்கும்?

உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சியில் இப்போது நல்ல ஒளிப்பதிவாளர்களும் தோட்டத்துப் பேச்சை அப்படியே எழுதத் தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இங்கே எடுக்கப்படும் திகில் முயற்சிகளில் நான் பார்த்தவை சில, ‘காஞ்சனா’வின் அச்சையே கடன் வாங்கி, வெள்ளைப் புடவையையும் பின்கதையையும் முதல் வாரத்திலேயே காட்டிவிடுகின்றன. காட்டிக்கொடுத்தவரின் பேரன் இன்று அந்தக் கோயிலுக்குத் தலைவராக இருக்கிறார், ஊரில் ஒவ்வொருவருக்காக ஏதோ நடக்கிறது, செய்வது முனியா மனிதனா தெரியவில்லை என்று ஒரு கதையை யாராவது பொறுமையாக எழுதினால் போதும். பங்களாவும் தேவையில்லை, வரைகலையும் தேவையில்லை. முதல் பத்து வாரம் பேயைக் காட்டாமல் இருக்கச் சம்மதிக்கும் ஒரு தயாரிப்பாளரும், அந்தப் பத்து வாரமும் விளம்பரம் கொடுக்க ஒரு கடைக்காரரும்தான் தேவை.