ஏர் கன்ல எண்ணெய் விட்டு வெடிக்க வைக்கிற தம்பிகளுக்கு

ஸ்பிரிங் ஏர் ரைபிள்ல ரெண்டு சொட்டு எண்ணெய விட்டு சுட்டா ஸ்பீடு எகிறும்னு வீடியோ போடுறவங்களப் பார்த்தா எனக்கு பதறுது. டமார்னு சத்தம், பேரல் நுனில புகை, கீழ கமெண்ட்ல சின்னப் பசங்க "அண்ணா என்ன ஆயில்"னு கேக்குறாங்க. அந்தப் பசங்களுக்காகத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இந்த துப்பாக்கிக்குள்ள காத்து அடைச்சு வச்சிருக்கிறதில்ல. பேரல மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கும், ட்ரிகர் அழுத்தினா அது பிஸ்டனத் தள்ளிட்டு ஓடும், முன்னாடி மாட்டின காத்து சில மில்லி செகண்டுல நசுங்கி பல நூறு டிகிரி சூடாகும். சைக்கிளுக்கு காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடும்ல, அதேதான், ஆனா இங்க சூடு வெளிய போக நேரமே கிடைக்காது. அந்த சூட்டுல எண்ணெய் ஆவி இருந்தா ஸ்பார்க் பிளக் இல்லாமலே பத்திக்கும், டீசல் இன்ஜின் ஓடுறதும் இப்படித்தான்.

புது கன் வாங்கினதும் கொஞ்ச நாள் லேசா புகை வரும், கம்பெனில தடவின எண்ணெய் எரியுது, அது தானா நின்னுடும், பயப்பட வேண்டியதில்ல. "எப்படியும் உள்ள எரியத்தானே செய்யுது"னு வாதாடுறவங்களும் இருக்காங்க. பாதி உண்மைதான். 1970கள்ல இங்கிலாந்துல கார்டியூங்கிற அப்பாவும் மகனும் ஆக்சிஜன் இல்லாம நைட்ரஜன்ல ஒரு ஸ்பிரிங் ரைபிள சுட்டுப் பார்த்தாங்க, வேகம் நல்லாவே குறைஞ்சது, அதாவது சாதாரண ஷாட்லயும் உள்ள கொஞ்சம் எரியத்தான் செய்யுது. ஆனா அங்க எரியிறது பிஸ்டன் மேல ஒட்டியிருக்கிற துளி கிரீஸ், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு எரியுது. நீங்க ஊத்துறது அப்படியா எரியும்? ஒரு ஷாட்ல சும்மா புகையும், அடுத்த ஷாட்ல மொத்தமா வெடிக்கும், எது எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது.

வெடிச்சா உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. முன்னாடி ஓடிட்டிருக்கிற பிஸ்டன அந்த அழுத்தம் பின்னாடி அடிச்சுத் தள்ளும், ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டி நசுங்கும், அதுக்குள்ள பெல்லட், அதாவது நாம சுடுற சின்ன ஈயக் குண்டு, வெளிய போயிடும், இப்ப ஸ்பிரிங் திரும்ப பிஸ்டன முன்னாடி எறியும்போது மெத்தையா நிக்க காத்து இருக்காது, இரும்புல இரும்பு போய் மோதும். இப்படி எண்ணெய் குடிச்ச ஒரு ரைபிள தெரிஞ்ச மெக்கானிக் பிரிக்கிறப்ப பக்கத்துல இருந்தேன். பிஸ்டன் நுனில காத்து கசியாம அடைக்கிற சீலோட விளிம்பு கருகி, ஒரு பக்கம் கடிச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு, ஸ்பிரிங் ரெண்டு துண்டு. இதெல்லாம் நடக்கிற அந்த சிலிண்டர ஒட்டித்தான் நம்ம கன்னம் இருக்குதுங்கிறத நினைச்சுப் பாருங்க.

ஸ்பீடு கூடுனா என்ன லாபம்னும் கேக்குறேன். பெல்லட்டோட பின்பக்கப் பாவாடை மெல்லிசான ஈயம், அந்த அழுத்தத்துல விரிஞ்சு கோணிப்போகும், ஒலியோட வேகத்த, அதாவது செகண்டுக்கு சுமார் 340 மீட்டர நெருங்கும்போதே தடுமாற ஆரம்பிக்கும், குறி எங்கயோ போகும். நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம வச்சுக்கணும்னா பேரல் துளை .177 இன்ச், குண்டோட சக்தி 20 ஜூல் வரைக்கும்தான். அரை கிராம் பெல்லட் செகண்டுக்கு 250 மீட்டர் வேகத்துல போனா சுமார் 16 ஜூல், அதே பெல்லட் 350 மீட்டர் வேகத்துல போனா 30 தாண்டிடும். தகர டப்பாக்குப் பின்னாடி நீங்க வச்ச பலகை 16 ஜூலுக்கு நிக்கலாம், 30க்கு நிக்கும்னு யார் சொன்னா, அதுக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுத் திண்ணை இருந்தா?

1950கள்ல ஜெர்மனில இத ஒழுங்கா இன்ஜினியரிங் பண்ணியே முயற்சி செஞ்சாங்க, வெய்ராக் கம்பெனியோட ஹெச்டபிள்யூ 35 ஏர் ரைபிள்ல, சட்டுனு பத்திக்கிற ஈதர்ங்கிற திரவத்த விடுற ஒரு குழாய மாட்டி பாரகுடான்னு வித்தாங்க. நிலைக்கல, இன்னிக்கு அது பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க கிட்ட இருக்கிற பொருள்.

ஏற்கனவே தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் ஆயிலோ துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயோ உள்ள விட்டிருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு "சுட்டுச் சுட்டே காய வச்சிடலாம்"னு நினைக்காதீங்க. நீங்களாவும் பிரிக்காதீங்க, அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் பாய்ஞ்சா முகத்த கிழிச்சிடும். தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணி, சீலையும் ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க பேரல மடக்கி அடிப்பக்கம் மோந்து பாருங்க, கருகின எண்ணெய் வாடை அடிச்சா விலை எவ்வளவு குறைச்சு சொன்னாலும் வாங்காம வந்துடுங்க.