‘அண்ட்’ இருந்தாலே காம்பவுண்ட் ஆகிவிடாது

ஆங்கில இலக்கணத்தில் வாக்கியங்களை சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று வகையாகப் பிரிப்பது பற்றி ஒருவர் “வாக்கியத்தில் ‘அண்ட்’ வந்தால் காம்பவுண்ட், நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ்” என்று எழுதியிருக்கிறார். இது தவறு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

‘ரவி அண்ட் மாலா வென்ட் ஹோம்’ சிம்பிள் சென்டென்ஸ்தான், அதாவது ஒரே ஒரு எழுவாய்–வினை ஜோடி உள்ள வாக்கியம். அந்த ‘அண்ட்’ இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒரே எழுவாயாக்குகிறது, அவ்வளவே. ‘ரவி சேங் அண்ட் மாலா டான்ஸ்ட்’ என்றால் சரி, காம்பவுண்ட்: இரு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள்.

நீளமும் கணக்கில்லை. ‘இன் ஸ்பைட் ஆஃப் த ஹெவி ரெயின், த பாய்ஸ் பிளேட் கிரிக்கெட்’ சிம்பிள். கமாவுக்கு முன்னால் இருப்பது வினையடையாக நிற்கும் வெறும் சொற்றொடர், அதில் வினைமுற்று இல்லை. ‘ஆல்தோ இட் ரெயின்ட், தே பிளேட்’ அதைவிடச் சின்னது, ஆனாலும் காம்ப்ளெக்ஸ். ‘ஆல்தோ இட் ரெயின்ட்’டுக்குச் சொந்த எழுவாயும் வினையும் உண்டு, ஆனால் அது தனியாக நிற்காது.

முதலில் வினைமுற்றுகளைத் தேடுங்கள், அப்புறம் இணைப்புச் சொல்லைப் பாருங்கள்.