மேயர் கையில் கொடுத்த பணம் அல்ல

“நியூயார்க் மாநில அரசு அங்குள்ள ஜேம்ஸ்டவுன் நகர மேயரிடம் 1 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்தது, அவர் இஷ்டத்துக்குச் செலவழித்தார்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அந்தத் தொகை, மாநிலம் 2016-இல் தொடங்கிய நகர மையப் புத்துயிர்த் திட்டத்தைச் சேர்ந்தது; அதில் பணம் மொத்தமாகக் கைமாறுவதில்லை. உள்ளூர்க் குழு மக்களைக் கூட்டிப் பேசிப் பணிகளைப் பரிந்துரைக்கும். எதற்குப் பணம் என்பதை மாநிலமே முடிவு செய்யும். அதன்பிறகும், பொதுவாகச் செலவழித்துக் கணக்குக் காட்டினால்தான் தொகை வரும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் சிறு கடைக்காரர் கொத்தனாருக்கும் தச்சருக்கும் முதலில் தன் பணத்தையோ வங்கிக் கடனையோ கொடுத்தாக வேண்டும். குறை சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்: மரச்சாமான் தொழில் நசிந்துபோன ஜேம்ஸ்டவுனில் அந்த முதலுக்கு அவர் எங்கே போவார்? இன்னும் சிறிய ஊர்களுக்கென 2022-இல் வந்த ‘நியூயார்க் ஃபார்வர்டு’ திட்டத்திலும் இதே முறைதான்.