துணி இறங்குகிற அன்றே தெரிய வேண்டியது

திருப்பூரில் ஈஆர்பி (கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர்) வாங்குவது பற்றிப் பேச்சு வந்தால் எந்த சாஃப்ட்வேர், வருசத்துக்கு எவ்வளவு, எத்தனை லாகின் தருவார்கள் என்றே போகிறது. தகவல் எந்த இடத்தில் பிறக்கிறது, யார் கைக்கு எந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மேலாண்மைத் தகவல் அமைப்பு என்பதன் உயிரே இந்த இரண்டு கேள்விகள்தான். என் கருத்து இதுதான்: நிட்டிங், சாயம் என்று ஒவ்வொரு வேலையையும் வெளியே கொடுத்து வாங்கும் ஜாப் ஒர்க்கில் ஓடுகிற நம் ஊர்ப் பின்னலாடைத் தொழிலில் அது துணி இறங்குகிற தராசில் தொடங்க வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். 10,000 டி-சர்ட் ஆர்டர். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பீஸுக்கு 200 கிராம். 3 சதவீதம் கூடுதலாக வெட்ட 10,300 பீஸ். அதற்கு 2,060 கிலோ துணி. சாயம், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்துவது) இரண்டிலும் சேர்த்து 6 சதவீதம் கழியும் என்று வைத்தால் கிரே துணி (சாயம் ஏற்றாதது) 2,191 கிலோ. நிட்டிங்கில் 1 சதவீதம் போனால் நூல் சுமார் 2,214 கிலோ. இதுவரை ஆர்டரைக் கவனிக்கும் எல்லா மெர்ச்சண்டைசரும் சரியாகவே போடுகிறார்கள்.

சாயத்தில் 6க்குப் பதில் 9 சதவீதம் கழிந்தால்? வருவது 1,994 கிலோ. அதில் 9,970 பீஸ்தான் வெட்டலாம். கூடுதலாக வைத்ததெல்லாம் போய், ஆர்டரிலேயே 30 குறைகிறது. செக்கிங்கில் கழிவது தனி. முதல் லாட் (ஒரே தடவையில் சாயம் ஏறிய துணி) இறங்கும்போதே இது தெரிந்தால், அடுத்த லாட்டுக்கான கிரே துணியைக் கூட்டி ஏற்றலாம், ஆர்டர் கொடுத்த பையரிடமும் பேசி வைக்கலாம். கட்டிங் முடிந்தபின் தெரிந்தால் அறுபது எழுபது கிலோவுக்கு மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் சின்ன லாட்டின் ஷேடு பழைய லாட்டோடு பெரும்பாலும் ஒட்டாது. நாளும் போய், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானம் ஏறும்.

எடை சரியாக இருந்தாலும் ஏமாறலாம். 2,060 கிலோவும் வந்துவிட்டது, ஆனால் துணி 180க்குப் பதில் 190 ஜிஎஸ்எம். பீஸ் எடை 211 கிராமாகிவிடும். வெட்டக் கிடைப்பது சுமார் 9,758 பீஸ். டிசியில் (சரக்கோடு வரும் டெலிவரி சலானில்) எடை பொருந்துவதால் ஸ்டோரில் யாருக்கும் சந்தேகம் வராது. ஈரமும் இப்படித்தான். பருத்தி ஈரம் பிடிக்கும். வணிகத்தில் ஒத்துக்கொண்ட அளவே 8.5 சதவீதம். சரியாகக் காயாத துணியை எடை போட்டால் உண்மையான கழிவு மறைந்துவிடும். ஆகவே இறங்கும்போது பதிய வேண்டியவை: லாட் எண், ரோல் எண்ணிக்கை, நம் தராசில் போட்ட எடை, ஜிஎஸ்எம், டயா (துணியின் அகலம்). டிசியில் எழுதி வந்த எடை தனிக் கட்டத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் வித்தியாசம் என்பதே இல்லாமல் போகும்.

நல்ல சாஃப்ட்வேரும் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எதிர்பார்க்கும் எடையை அதுவே நிரப்பிக் காட்டும். அவசரத்தில் இருக்கிற ஸ்டோர் பையன் ஓகே அழுத்திவிடுவான். பிறகு எல்லா லாட்டிலும் கழிவு அச்சாக 6 சதவீதம் என்றே ரிப்போர்ட் வரும். அந்தக் கட்டம் காலியாகத்தான் திறக்க வேண்டும். இன்னொரு வியாதி, வாரம் முழுவதும் சேர்ந்த டிசிகளை சனிக்கிழமை சம்பள வேலையோடு சேர்த்து ஏற்றுவது. திங்கட்கிழமை இறங்கிய துணியின் குறை சனிக்கிழமை தெரிந்து என்ன பயன்? புதன்கிழமையே கட்டிங் மாஸ்டர் விரித்திருப்பார். நேவி, நேவி ப்ளூ, என்பி என்று ஒரே கலருக்கு மூன்று பெயர் இருந்தால் ஸ்டாக் மூன்றாக உடையும். ரீ-டையிங் (மறுபடி சாயம் ஏற்ற) போய் வரும் லாட்டுக்குப் பழைய எண்ணோடு ஒரு பின்னெழுத்து சேர்க்காவிட்டால் ஒரே துணி இரண்டு முறை வரவாகும்.

சட்டமும் இதே பதிவைத்தான் கேட்கிறது. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள், நீட்டிப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் (அங்கிருந்தே விற்பனைக்கும் போகாவிட்டால்) அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தை விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் தர வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் தர வேண்டும். தாண்டினால், பணம் கொடுக்கிற ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். அந்த நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடுகிறது. பில் தேதியை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது புரிவதே ஆடிட்டர் சொல்லும்போதுதான்.

முதலாளிமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டுமுங்க. ரிப்போர்ட்டில் குறை காட்டியவரையே கூப்பிட்டுத் திட்டினால், அடுத்த வாரத்திலிருந்து குறையே வராது. கணக்கில் மட்டும் வராது. கழிவு கூடியதைச் சொன்ன சூப்பர்வைசர்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றியவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயப்பட்டறைக்காரரிடம் பேசுங்கள்.

தொடங்குவதானால் கம்பெனி முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு ஆர்டரை எடுங்கள். நூல் வரவிலிருந்து பேக்கிங் வரை பழைய நோட்டும் புதுப் பதிவும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் எந்த இடத்தில் பிரிகிறதோ அங்கே போய் நின்று பாருங்கள்; பெரும்பாலும் தராசுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோ போனோ இருக்காது, துண்டுச் சீட்டில் எழுதி ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தப்பான பதிவை அழித்துத் திருத்தும் உரிமையை யாருக்கும் தர வேண்டாம். திருத்தம் தனி வரியாக, பெயரும் நேரமும் காரணமும் சேர்ந்து விழட்டும். கட்டிங் மாஸ்டருக்கு அன்று இறங்கிய லாட்டின் ஜிஎஸ்எம்மும் டயாவும், மெர்ச்சண்டைசருக்கு ஆர்டர்வாரியாகக் குறையும் கிலோவும், முதலாளிக்கு நிர்ணயித்த கழிவைத் தாண்டிய லாட்டுகள் மட்டும் தினமும் சாயங்காலம் போனில் வந்தால் போதும்.