பஸ்ஸை ஜப்தி செய்தால்தான் பணம் வருமா?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா ஒரு அரசு பஸ்ஸை ஜப்தி செய்யும்போது ஜனங்கள் யாரைத் திட்டுகிறார்கள் தெரியுமா? விபத்து இழப்பீட்டுப் பணத்தைக் கட்டாத போக்குவரத்துக் கழக நிர்வாகத்தை இல்லை. வழக்கு நடத்திய வக்கீலான என்னை. கூடவே, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மஞ்சப்பையோடு ஓரமாக நிற்கிற அந்தம்மாவையும். "வக்கீலுங்களுக்கு வேற பொழப்பே இல்லையா? ஆத்தூர் போறதுக்குக் கைக்குழந்தையோட ஏறி உக்காந்திருக்கேன், எறங்குன்னா எப்படி?" என்று ஒருத்தர் கத்துகிறார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை.

டிரைவர் பாவம், அவருக்கு ஒன்றுமே புரியாது. "நான் யாரையும் இடிக்கலைங்க சார்" என்கிறார். உண்மைதான். இடித்த பஸ் எந்த டிப்போவில் கிடக்கிறதோ, இந்நேரம் காயலான் கடைக்கே போய்விட்டதோ! கையில் சிக்கிய வண்டியைத்தான் பிடிக்க முடிகிறது.

எந்தக் கோட்டம் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவசியமும் இல்லை. 'அரசு பஸ் ஜப்தி' என்ற செய்தியைப் படிக்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா?

அந்தம்மாவின் கணவர் சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்தவர். எக்ஸ்எல் வண்டியில் போனவரைப் பின்னாலிருந்து பஸ் தட்டியது. வழக்குப் போட்டோம். கழகத்தின் எதிருரை, அதாவது பதில் மனு, வந்தது. எல்லா வழக்குக்கும் வருகிற அதே எதிருரைதான், பெயரும் தேதியும் மட்டும் வேறு. அவரே வந்து மோதினார், ஹெல்மெட் போடவில்லை, மாதச் சம்பளத்துக்குச் சான்று இல்லை. கொலுசுப் பட்டறையில் எவன் சார் பே ஸ்லிப் கொடுக்கிறான்?

சரி, தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் என்று சொல்கிறேன். வக்கீல் வாயில் வந்த தொகையைக் கேட்டு வாங்கிவிடுகிறான் என்று நினைப்பவர்களுக்காக. வயது 34, மாத வருமானம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்கிற, 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆகிறது 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர் நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும். மிச்சம் 12,600. அதை 12 மாதத்தால் பெருக்கி, 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 16-ஆல் பெருக்கினால் 24,19,200 ரூபாய். இதில் என் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

இந்தப் பணத்தைத் தீர்ப்பான 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 168-ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. கட்டுவதில்லை. 7.5 சதவீத வட்டி என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். அது யார் பணம்? இறங்கச் சொன்னதும் என்னைத் திட்டினாரே, அவர் பணம்தான்.

எனக்கு உண்மையில் வயிறு எரிகிற இடம் வேறு. அந்தக் கொலுசுக்காரரின் எக்ஸ்எல்லுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம். அரசு பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸே போட வேண்டாம் என்று அரசு விலக்குக் கொடுக்கலாம். ஆனால் சும்மா இல்லை. இழப்பீடு கொடுப்பதற்கென்று தனி நிதி வைத்துப் பராமரித்தால்தான் அந்த விலக்கு என்று 146-ஆவது பிரிவே சொல்கிறது. அப்படியானால் அந்த நிதி எங்கே? இருந்தால் ஏன் அமீனாவோடு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்? இல்லையென்றால் விலக்கு மட்டும் எந்தக் கணக்கில்?

இன்னொரு கூத்து. வழக்குப் போட வேண்டியவர் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்து, 2022 ஏப்ரலிலிருந்து அமலுக்கும் கொண்டுவந்தார்கள். தாலி இழந்தவளுக்குக் கெடு. கடன்காரனுக்கு 30 நாள் கெடு ஏட்டில் மட்டும்.

நஷ்டத்தில் ஓடுகிறது, டிக்கெட் விலை குறைவு, மகளிருக்கு இலவசம் என்பார்கள். எல்லாம் தெரியும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, லாபம் பார்க்காமல் ஜனங்களைக் கொண்டுபோய் விடுவது அரசு பஸ்தான். அது தனியாருக்குப் போகக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இடித்தது யார், பிரேக்கா, டிரைவரைத் தூங்கவிடாத டூட்டியா, சாலையா என்று எந்த டிப்போவிலாவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? வருஷங்கள் கழித்து வேறு ஒரு அதிகாரி காலத்தில் பணம் போகிறது. யாருக்கும் சுடுவதில்லை. அடுத்த விபத்து அதே மாதிரி நடக்கிறது.

அந்தம்மாவின் மகள் வழக்குப் போடும்போது மைனர். பணம் வருவதற்குள் 18 முடிந்துவிட்டது. இப்போது அவள் மேஜர் ஆகிவிட்டாள் என்று அறிவிக்கத் தனியாக ஒரு மனு! அஸ்தம்பட்டி கோர்ட்டில் அதற்கு ஒரு நாள், அந்தப் பெண்ணுக்குக் காலேஜ் ஒரு நாள் போச்சு. அவள் பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஃபீஸ் கட்டியது தாய்மாமன், கந்து வட்டிக்கு வாங்கி.

ஜப்தியான பஸ் கோர்ட் வளாகத்தில் நின்றதும், இத்தனை நாளும் போனை எடுக்காதவர்கள் ஓடி வருகிறார்கள். ஒரு பகுதிக்குச் செக், மிச்சத்துக்கு இரண்டு மாதம் டைம், ஒரு கடிதம். பஸ் போய்விடும். அப்புறம் ஓரமாக என்னைக் கூப்பிட்டு, "லோக் அதாலத்துல வெச்சு முடிச்சுக்கலாம் சார், வட்டியை மட்டும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, அந்தம்மா நீங்க சொன்னா கேப்பாங்க" என்கிறார்கள்.

கேட்பார்தான். அதனாலேயே சொல்ல மாட்டேன். தாய்மாமனின் கந்து வட்டியை முதலில் நீங்கள் அடைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் உங்கள் ஏழரை சதவீதத்தைப் பற்றிப் பேசலாம்.