64 பிட் கர்னலில் ஆஃப்செட்டுக்கு இன்ட் போதுமா?

"கர்னலை 64 பிட்டுக்குக் கம்பைல் செய்தால் இன்ட்டும் 64 பிட் ஆகிவிடும், ஆஃப்செட்டுக்கு அதுவே போதும்" என்றொரு குறிப்பு சுற்றிவருகிறது. (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; இன்ட் என்பது சி மொழியின் முழு எண் வகை; ஆஃப்செட் என்பது தொடக்கத்திலிருந்து ஓர் இடம் எத்தனை பைட் தள்ளியிருக்கிறது என்ற எண்.) தவறு. 64 பிட் லினக்ஸில் விரிவது லாங் என்ற முழு எண் வகையும், நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரும்தான்; இன்ட் 32 பிட்டாகவே இருக்கும்.

4 கேபி பக்கங்களில் (கர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் சம அளவுக் கூறுகள்), பக்க எண்ணை 12 பிட் இடப்பக்கம் நகர்த்தி பைட் ஆஃப்செட் எடுக்கும் வரியைப் பாருங்கள். பக்க எண் அன்சைன்டு இன்ட் (குறை எண் இல்லாத இன்ட்) என்றால், அது 10,48,576-ஐத் தொட்டதும், அதாவது 4 ஜிபியில், விடை 0. கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது. விடையை யு64 (64 பிட் அன்சைன்டு முழு எண்) மாறியில் வாங்கியும் பயனில்லை. நகர்த்தல் 32 பிட்டிலேயே நடப்பதால், மேல் பிட்டுகள் அதற்கு முன்பே போய்விட்டன. நகர்த்துமுன் பக்க எண்ணையே யு64 ஆக காஸ்ட் (வகைமாற்றம்) செய்ய வேண்டும்.

"எல்லாவற்றுக்கும் அன்சைன்டு லாங்" என்பதும் அரைகுறைத் தீர்வு. 32 பிட் கர்னலில் அதுவும் 32 பிட்தான். வேலைக்கேற்ற வகையையே எடுங்கள்: கோப்பு ஆஃப்செட்டுக்கு லாஃப்_டி, இயற்பியல் முகவரிக்கு ஃபிஸ்_அட்ர்_டி, நினைவகத் துண்டின் அளவுக்கு சைஸ்_டி.